பிள்ளைகளோடு லண்டன் மியூசியங்கள்: பட்டியலைச் சுருக்கினால்தான் பயணம் உருப்படும்

லண்டனின் பெரிய தேசிய மியூசியங்களில் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் கிடையாது. 2001 டிசம்பரிலிருந்து அப்படித்தான். பெற்றோர் சறுக்குவதும் இதில்தான். "சும்மாதானே விடுறாங்க" என்று காலை பத்து மணிக்கு நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம், மதியம் அடுத்த கட்டடத்தில் சயின்ஸ் மியூசியம், நாலு மணிக்கு எதிரே இருக்கும் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் என்று மூன்றையும் ஒரே நாளில் அடுக்கிவிடுகிறார்கள். மூன்றரை மணிக்கே ஏழு வயதுப் பிள்ளை தரையில் உட்கார்ந்துவிடும். அப்புறம் எந்த டைனோசரும் அதை எழுப்பாது.

டிக்கெட் இல்லை என்பதால் ஒன்றரை மணி நேரத்தில் தைரியமாக வெளியே வந்துவிடலாம். மீதியை நாளை மறுநாள் போய்ப் பார்க்கலாம். காசு கொடுத்து நுழையும் ஊர்களில் இந்தச் சௌகரியம் இல்லை. ஆறு முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடு ஏழு நாள் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு நாளைக்கு ஒரு மியூசியம், ஒரு மியூசியத்தில் மூன்று பொருள். கீழே வரும் ஏற்பாடுகள் எல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

எந்த மாதம்

தமிழ்நாட்டுக் கோடை விடுமுறையில் போவதானால் மே முதல் மூன்று வாரம் நல்லது. மே கடைசி வாரத்தில் அங்கே பள்ளிகளுக்கு ஒரு வாரம் லீவு, அந்த வாரம் டைனோசர் அரங்கின் வரிசை வாசலைத் தாண்டும். மற்ற வாரநாட்களில் காலையில் பள்ளிக்கூடக் கூட்டங்கள் மஞ்சள் கோட்டுப் போட்டு வரிசையாக வரும். மதியம் இரண்டு மணிக்கெல்லாம் அவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். ஆகவே வாரநாளில் இரண்டு மணிக்கு மேல், வாரக்கடைசியில் காலை திறந்தவுடன். ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை அவர்களுடைய பெரிய விடுமுறை. அப்போது எந்த நேரமும் நெரிசல்தான்.

அரையாண்டு விடுமுறையில் போகிறவர்கள் தேதியைக் கூர்ந்து பாருங்கள். டிசம்பர் 24, 25, 26 ஆகிய மூன்று நாளும் பெரிய மியூசியங்கள் மூடியிருக்கும். 25ஆம் தேதி ட்யூப் (லண்டனின் சுரங்க ரயில்), பஸ் எதுவுமே ஓடாது. அன்று நடந்து போகக்கூடிய தூரத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் லண்டன். மாலை நாலு மணிக்குள் இருட்டிவிடும். ஜூனில் இதற்கு நேர் எதிர்: இரவு ஒன்பதே காலுக்கும் வெளிச்சம் இருக்கும், பிள்ளைகளைத் தூங்க வைப்பது பெரும்பாடு. தடித்த திரைச்சீலை உள்ள அறையாகக் கேட்டு வாங்குங்கள்.

விசாவும் காகிதமும்

ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா பிரிட்டனில் செல்லாது. கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனி விசா, தனி விண்ணப்பம். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கைரேகை எடுப்பதில்லை, புகைப்படம் மட்டும்தான். அதற்கும் பிள்ளை நேரில் வர வேண்டும். அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் கூட்டிப் போனால், மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால் குடியேற்றக் கவுண்டரில் கேட்கும்போது காட்ட முடியாது.

பலகாரப் பையிலும் ஒரு எச்சரிக்கை: இறைச்சி, பால், பாலில் செய்தவை எதுவும் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கொண்டுபோகக் கூடாது. பாட்டி கொடுத்தனுப்பும் நெய்யும் பால்கோவாவும் அதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். இட்லிப்பொடி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் தாராளமாகப் போகும்.

எங்கே தங்குவது

"சென்டருக்குப் பக்கம்" என்று தேடாமல், ட்யூப் தடத்தைப் பார்த்துத் தேடுங்கள். ஏர்ல்ஸ் கோர்ட், ஹேமர்ஸ்மித் இரண்டு நிலையங்களிலும் டிஸ்ட்ரிக்ட் தடமும் பிக்காடில்லி தடமும் நிற்கும், லிஃப்டும் உண்டு. பிக்காடில்லி தடம் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நேரே வருகிறது, பெட்டிகளோடு எங்கேயும் மாறி ஏற வேண்டாம். அதே ரயில் சவுத் கென்சிங்டன் போகிறது (மூன்று மியூசியங்கள் இருக்கும் இடம்), ஹோல்பர்ன் போகிறது (அங்கிருந்து பிரிட்டிஷ் மியூசியம் நடை தூரம்). டிஸ்ட்ரிக்ட் தடம் டவர் ஹில் போகிறது. அதிலேயே இன்னும் கிழக்கே உட்கார்ந்திருந்தால் ஈஸ்ட் ஹாம் வரும்: தோசை, பரோட்டா, கொத்து எல்லாம் தமிழில் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். நாலாம் நாள் பிள்ளைகள் சாண்ட்விச்சைப் பார்த்து முகத்தைத் திருப்பும்போது இந்தத் தகவல் கைகொடுக்கும்.

ஸ்ட்ரோலர் கொண்டுபோகிறவர்கள், ஒரு கையால் மடக்கக்கூடியதாகக் கொண்டுபோங்கள். பழைய ட்யூப் நிலையங்கள் பலவற்றில் படி மட்டும்தான். பஸ்ஸில் சக்கர நாற்காலிக்காரர் ஏறினால் அந்த இடத்தை விட்டுக்கொடுத்து வண்டியை மடக்கியாக வேண்டும்.

நம்மூர் ப்ளக் அங்கே நுழையாது. மூன்று தட்டைக் கம்பி உள்ள அடாப்டர் இரண்டாவது வேண்டும். மின்னழுத்தம் ஒன்றேதான் என்பதால் சின்ன ரைஸ் குக்கர் கொண்டுபோனாலும் ஓடும். ஆனால் பல ஹோட்டல்களில் அறைக்குள் சமைக்க விடமாட்டார்கள், சமையலறை உள்ள வாடகை வீடு என்றால்தான் அது உதவும்.

ரயில், பஸ் கட்டணம்

பத்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ட்யூப், டிஎல்ஆர் (கிழக்கு லண்டனில் ஓடும் இலகு ரயில்), எலிசபெத் தடம் எல்லாம் இலவசம். காசு கொடுத்துப் பயணிக்கும் ஒரு பெரியவரோடு நாலு பிள்ளைகள் வரை போகலாம். அட்டை எதுவும் வேண்டாம். அகலமான கதவு வழியாக உங்களோடு சேர்த்துக் கூட்டிப்போங்கள். மற்ற பிரிட்டிஷ் ரயில்களில் இந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள்.

பதினொன்று முதல் பதினைந்து வரை உள்ளவர்களுக்குத்தான் பலர் காசு விடுகிறார்கள். அவர்களுக்கு உங்கள் வங்கி அட்டையைக் கொடுத்தால் முழுக் கட்டணம் போகும். அதற்குப் பதிலாக ஓர் ஆய்ஸ்டர் கார்டு (முன்பணம் ஏற்றித் தட்டும் பயண அட்டை) வாங்கி, ட்யூப் நிலைய ஊழியரிடம் 'யங் விசிட்டர்' சலுகையை அதில் ஏற்றித் தரச் சொல்லுங்கள். பதினாலு நாள் வரை பாதிக் கட்டணம். பிள்ளை கூடவே நிற்க வேண்டும். ஹீத்ரோவில் இறங்கியதும் முதல் வேலையாக இதை முடித்துவிடுவது நல்லது.

பெரியவர்களுக்கு வங்கி அட்டையே போதும், ஆளுக்கு ஒன்று. ஒரே அட்டையை இருவர் தட்ட முடியாது. காலையில் அட்டையைத் தட்டிவிட்டு மாலையில் அதே கணக்கை மொபைலில் தட்டினால், கணினிக்கு அது வேறு ஆள். ஒரு நாளைக்கு இதற்கு மேல் கழியாது என்ற உச்சவரம்பு இரண்டாகப் பிரிந்து கூடுதலாகக் கழியும். ட்யூபில் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும், இறங்கும்போது மறந்தால் அதிகபட்சக் கட்டணம். பஸ்ஸில் ஏறும்போது மட்டும். பஸ்ஸில் ரொக்கம் வாங்கவே மாட்டார்கள்.

முதல் இரண்டு நாள்: நாலு மணிக்கு விழிக்கும் பிள்ளை

கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் ஐந்தரை. பிள்ளைகள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து உட்காரும், மாலை ஆறு மணிக்குச் சாயும். மியூசியம் திறப்பதோ பத்துக்கு. இடையில் உள்ள நேரத்துக்குத் தேம்ஸ் நதிதான் சரி. கடல் ஏற்ற இறக்கத்தில் நகரத்துக்குள்ளேயே இந்த நதி ஏழு மீட்டர் வரை ஏறி இறங்கும். காலையில் ஒரு பாலத்துப் படிக்கட்டில் தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்துக்கு வாருங்கள். படிகள் காணாமல் போயிருக்கும், அல்லது புதிதாகச் சேறு தெரியும். நதி ஏன் இப்படிச் செய்கிறது என்ற கேள்வியைப் பிள்ளையே கேட்கும்.

இந்த இரண்டு நாளும் டிக்கெட் வாங்கிய எதையும் வைக்காதீர்கள்.

நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம்

நுழைவு இலவசமானாலும் இணையத்தில் நேரம் பதிவு செய்துகொள்ளலாம். நெரிசல் நாளில் அது வரிசையை மிச்சப்படுத்தும். நேரம் காலை 10 முதல் மாலை 5.50 வரை. சவுத் கென்சிங்டன் நிலையத்திலிருந்து 1885இல் திறந்த சுரங்க நடைபாதை ஒன்று மியூசியங்கள் வரை போகிறது. மழையில் அது வரம்.

முதல் பொருள், நடுக்கூடத்தில் தொங்கும் நீலத் திமிங்கலத்தின் எலும்புக்கூடு. 1891இல் அயர்லாந்துக் கரையில் ஒதுங்கியது, நீளம் 25.2 மீட்டர். நம்மூர் பஸ் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் கிட்டத்தட்ட வந்துவிடும். கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். படியேறி முதல் மாடி நடைக்கு வந்தால் துடுப்பு கண்மட்டத்தில் தெரியும். அங்கே பிள்ளையிடம் ஒரே வேலை கொடுங்கள்: "இதோட முழங்கை எங்கே?" மேல்கையில் ஓர் எலும்பு, முன்கையில் இரண்டு, அப்புறம் விரல்கள். தன் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டே தேடும். கண்டுபிடித்ததும், நீந்துகிற துடுப்புக்கு விரல் எதற்கு என்று அதுவே நின்றுவிடும். பரிணாமம் பற்றி அந்த இடத்தில் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மாடிப்படியில் டார்வின் சிலையாக உட்கார்ந்திருக்கிறார், அவரைக் காட்டிவிட்டு நகருங்கள்.

இரண்டாவது, டைனோசர்கள். மூன்றாவது, எரிமலை நிலநடுக்கப் பகுதியில் இருக்கும் கடை: 1995இல் ஜப்பானின் கோபே நகரை உலுக்கிய நிலநடுக்கத்தில் ஒரு பல்பொருள் அங்காடி எப்படி ஆடியது என்பதைக் காட்ட, தரையோடு சேர்ந்து அசையும். சின்னப் பிள்ளைகள் சிலர் பயப்படுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்தப் பகுதிக்கு எக்ஸிபிஷன் ரோடு வாசல் வழியாக வருவது சுலபம். படியில்லாத வாசல், பெரும்பாலும் வரிசையும் குறைவு. உள்ளே நுழைந்ததும் ஒரு ஸ்டெகோசாரஸின் எலும்புக்கூடு நிற்கும்.

வெளியே வந்ததும் கட்டடத்தை ஒரு நிமிடம் பாருங்கள். 1881இல் திறந்தது. கட்டடத்தைப் பார்த்து நின்றால், இடப்பக்கச் சுவரில் உள்ள சுடுமண் உருவங்கள் எல்லாம் இன்று வாழும் உயிரினங்கள், வலப்பக்கம் அழிந்துபோனவை. உள்ளே டைனோசர்களை வைத்திருப்பதோ இடப்பக்கம்!

சயின்ஸ் மியூசியம்

கைவைத்து விளையாடும் 'வொண்டர்லேப்' பகுதிக்கு மட்டும் கட்டணம் உண்டு. ஏழு வயதுக்கு மேல் என்றால் கொடுத்தது வீண்போகாது. அதற்குக் கீழே என்றால் அடித்தளத்தில் உள்ள இலவச விளையாட்டுப் பகுதி போதும். மற்றபடி தரைத்தளக் கூடத்தில் இரண்டே பொருள். ஒன்று, 1969 மே மாதம் மூன்று பேரைச் சந்திரனைச் சுற்றி அழைத்து வந்த அப்போலோ 10 கலம். மாதிரி அல்ல, போய்வந்த கலமேதான். வெப்பக் கவசம் கருகியிருப்பதைக் கிட்டே போய்ப் பார்க்கட்டும். அதே கூடத்தில் பஃபிங் பில்லி, இன்று மிஞ்சியிருக்கும் நீராவி இரயில் எஞ்சின்களிலேயே மிகப் பழையது. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 155 ஆண்டு. கழித்தல் கணக்கைப் பிள்ளையே போடட்டும்.

பிரிட்டிஷ் மியூசியம்

சக்கரம் வைத்த பெட்டியோடு விடமாட்டார்கள். அறையைக் காலி செய்த கையோடு போகலாம் என்று நினைத்தவர்கள் வாசலிலிருந்தே திரும்ப வேண்டியிருக்கும். முன்வாசலில் கூட்டம் இருந்தால் பின்பக்கம் மாண்டேகு பிளேஸ் வாசலைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை இரவு 8.30 வரை திறந்திருக்கும்.

நாலாம் அறையில் ரொசெட்டா கல்லைச் சுற்றி எப்போதும் மொபைல் பிடித்த கைகள். பிள்ளைக்கு யாரோ ஒருவருடைய முதுகுதான் தெரியும். ஒன்றாம் அறைக்குப் போங்கள். அங்கே அந்தக் கல்லின் நகல் ஒன்று இருக்கிறது, தொட்டுப் பார்க்கலாம், பெரும்பாலும் ஆளே இருக்காது. ஒரே அரசாணை மூன்று எழுத்தில்: மேலே எகிப்தியச் சித்திர எழுத்து, நடுவில் எகிப்தியரின் அன்றாட எழுத்தான டெமோட்டிக், கீழே கிரேக்கம். மேல் பகுதியில் முட்டை வடிவ வளையத்துக்குள் சில குறிகள் அடைபட்டிருப்பதைத் தேடச் சொல்லுங்கள். அது தாலமி அரசனின் பெயர். எந்த மொழியில் எழுதினாலும் பெயரின் ஒலி மாறாது என்ற பிடியை வைத்துத்தான் 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் சித்திர எழுத்தைப் படித்தார். நோட்டுப் புத்தகத்தில் பிள்ளை தன் பெயரைத் தமிழில், ஆங்கிலத்தில், இன்னொரு எழுத்தில் எழுதி வளையம் போடட்டும். பேனா வேண்டாம், பென்சில்.

அடுத்து 62, 63 அறைகளில் மம்மிகள். மூன்றாவதாக 33a அறை. கிருஷ்ணா நதிக்கரை அமராவதி பௌத்த ஸ்தூபியின் சிற்பங்கள் இங்கே இருக்கின்றன. 1845இல் கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் தோண்டி மதராசுக்குக் கொண்டுவந்தவற்றில் ஒரு பகுதி இது. சென்னை எழும்பூர் மியூசியத்தில் அதே ஸ்தூபியின் வேறு சிற்பங்கள் உள்ளன. கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்வந்திருந்தால், இங்கே பிள்ளைக்குப் பொறி தட்டும். "இது ஏன் இங்கே இருக்கு?" என்று கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

கிரீனிச்: ஒரு முழு நாள்

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் மற்றதை விட்டுவிட்டு இங்கே போகலாம். நேரம் பிடித்து நடக்க வேண்டிய நாள் இது.

1. பேங்க் நிலையத்திலிருந்து டிஎல்ஆர் ரயிலில் கட்டி சார்க் நிலையம். ஓட்டுநர் அறை இல்லாத ரயில், முன் இருக்கை கிடைத்தால் தண்டவாளம் முழுக்கப் பிள்ளைக்குத்தான். புறப்படும் நிலையம் என்பதால் ஒரு வண்டியை விட்டு அடுத்ததில் ஏறினால் அந்த இடம் கிடைக்கும்.

2. பதினொன்றரைக்குள் நேஷனல் மேரிடைம் மியூசியம். இலவசம். கழிப்பறை, சாப்பாடு இங்கேயே முடியட்டும், மேலே மேட்டில் தேடி அலைய வேண்டாம்.

3. பன்னிரண்டரைக்குப் பூங்கா வழியாக மேடேறுங்கள். ஏற்றம் செங்குத்து, சின்னக் கால்களுக்குக் கால் மணி நேரம்.

4. ஒரு மணிக்கு முன்னால் வானாய்வகக் கோபுரத்தைப் பார்த்து நில்லுங்கள். உச்சியில் சிவப்புப் பந்து 12.55க்குப் பாதிக் கம்பம் ஏறும், 12.58க்கு உச்சி, சரியாக 1 மணிக்குக் கீழே விழும். தேம்ஸில் நின்ற கப்பல்கள் கடிகாரத்தைச் சரிபார்க்க 1833இல் தொடங்கிய ஏற்பாடு. காற்று பலமாக இருந்தால் பந்து ஏறாது. பலர் கேமராவைச் சரிசெய்து நிமிர்வதற்குள் விழுந்துவிடும், கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள்.

5. வாசலில் உள்ள ஷெப்பர்ட் கடிகாரம் 1852இல் வைத்தது. முள்வட்டில் 24 மணி. கோடையில் போனால் உங்கள் மொபைலைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். கெட்டுப்போகவில்லை. ஊர் கோடை நேரத்துக்கு மாறினாலும் இது கிரீனிச் நேரத்தையே காட்டும்.

இங்கேதான் நோட்டை எடுக்க வேண்டும். தீர்க்கரேகையை எண்ணத் தொடங்கும் பூஜ்யக் கோடு இந்த வானாய்வகத்தின் வழியாகத்தான் போகிறது. பூமி 360 பாகையை 24 மணி நேரத்தில் சுற்றுகிறது, ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்திய நேரத்துக்கான தீர்க்கரேகை 82.5. நாலால் பெருக்கினால் 330 நிமிடம், ஐந்தரை மணி. சென்னையின் தீர்க்கரேகை 80¼. பெருக்கினால் 321 நிமிடம், அதாவது 5 மணி 21 நிமிடம். ஒரு காலத்தில் இந்திய ரயில்கள் ஓடிய 'மதராஸ் நேரம்' அதுதான்.

6. உள்ளே போக டிக்கெட் வேண்டும். புதுப்பிக்கும் வேலைகளுக்காகச் சில பகுதிகளை மூடுவது உண்டு, வாங்குவதற்கு முன் இணையதளத்தைப் பாருங்கள். போனால், கப்பலில் தீர்க்கரேகையைக் கண்டறிய ஜான் ஹாரிசன் செய்த கடல் கடிகாரங்களைத் தவறவிடாதீர்கள். பூஜ்யக் கோட்டின் இருபுறமும் கால்களை வைத்துப் படமெடுக்க உள்ளே நீண்ட வரிசை இருக்கும். வெளியே கீழ்ப்பாதைச் சுவரிலும் அதே கோடு குறித்திருக்கிறது, காசில்லை.

கோட்டின் மேல் நின்று மொபைலில் தீர்க்கரேகையைப் பார்த்தால் பூஜ்யம் வராது. ஜிபிஎஸ் கணக்கில் பூஜ்யம் கிழக்கே 102 மீட்டர் தள்ளி இருக்கிறது. பழைய பூஜ்யக் கோட்டை நட்சத்திரம் பார்த்து, அந்த இடத்துத் தூக்குக்குண்டு நின்ற திசையை வைத்து வகுத்தார்கள். செயற்கைக்கோள்கள் பூமியின் மையத்தை வைத்து அளக்கின்றன. பெரிய பிள்ளைகளுக்குப் பூங்காவில் பூஜ்யத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டு.

7. திரும்பும்போது கட்டி சார்க் கப்பலை ஒட்டிய வட்டக் கட்டடத்தில் இறங்கினால் தேம்ஸுக்கு அடியில் 1902இல் போட்ட நடைச்சுரங்கம், 370 மீட்டர். அக்கரையில் ஐலண்ட் கார்டன்ஸ் நிலையம். வடக்குக் கோடியில் சுரங்கம் திடீரென்று குறுகும். இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து சேதமான இடத்தை இரும்பு வளையத்தால் உள்ளே முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். லிஃப்ட் ஓடாத நாட்கள் உண்டு, அப்போது சுழற்படிதான்.

மழை நாளுக்கு ஒன்று, காசு கொடுத்துப் பார்க்க ஒன்று

பேங்க் ஆஃப் இங்கிலாந்து மியூசியம் சிறியது, இலவசம், வாரநாட்களில் மட்டும். ஒரு பெட்டிக்குள் கைவிட்டு 13 கிலோ தங்கக்கட்டியைத் தூக்கிப் பார்க்கலாம். பார்க்கச் சின்னதாக இருக்கும், பிள்ளையால் சுலபமாகத் தூக்க முடியாது. அடர்த்தி என்றால் என்னவென்று கை சொல்லிவிடும்.

லண்டன் கோபுரத்துக்கு டிக்கெட் விலை அதிகம். போவதானால் திறந்தவுடன் நேரே நகைக்கூடத்துக்குப் போய்விடுங்கள், கோஹினூர் அங்கேதான். பதினொன்றுக்கு மேல் அந்த வரிசை பொறுமையைச் சோதிக்கும். காவலர்கள் கூட்டிப்போய்க் கதை சொல்லும் சுற்று டிக்கெட்டிலேயே அடக்கம்.

சாப்பாடு, உடம்பு, தொலைந்துபோதல்

குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், ஆளுக்கொரு பாட்டில் போதும். மியூசியக் கடைகளில் விலை கூடுதல். காலையிலேயே எலுமிச்சைச் சாதமோ சப்பாத்தியோ டப்பாவில் கட்டிக்கொள்ளுங்கள். சவுத் கென்சிங்டன் மியூசியங்களில் சொந்தச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்கிறது.

காய்ச்சல் சிரப் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும். ஆன்டிபயாட்டிக் கிடைக்காது. வழக்கமாக எடுக்கும் மருந்தை மருத்துவர் சீட்டோடு கொண்டுபோங்கள். ஆலோசனைக்கு 111, ஆபத்துக்கு 999. பயணக் காப்பீடு இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

ட்யூபில் கதவு மூடும்போது பிள்ளை ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் ஆகிவிடலாம். கிளம்புவதற்கு முன்பே பிள்ளைக்குச் சொல்லிவைக்க வேண்டியது: "நீ பிளாட்பாரத்தில் நின்றுவிட்டால் அங்கேயே நில், நாங்கள் திரும்பி வருவோம். நீ ரயிலுக்குள் மாட்டிக்கொண்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நில், நாங்கள் அடுத்த ரயிலில் வருவோம்." இரண்டு பேரும் ஒருவரையொருவர் தேடி நகர்ந்தால்தான் சிக்கல். உங்கள் எண்ணை +91 அல்லது +94 சேர்த்து ஒரு சீட்டில் எழுதிப் பிள்ளையின் உள்பாக்கெட்டில் வையுங்கள். கோட்டுப் பையில் வைத்தால், உள்ளே வெக்கையாக இருக்கிறதென்று கோட்டைக் கழற்றி அது உங்கள் கையில்தான் கொடுத்திருக்கும்.